அந்தத் தங்க லைக்கா, லைக்கா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிம் கேமராவைத் தேடிப் போகும் இளைஞர்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிலிம் சுருளின் விலை, கழுவித் தரும் லேப்கள் பற்றியெல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரையோடு அச்சான படமும், கறுப்பு அல்லது தங்க நிறம் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கலாம் என்கிற கடைசிப் பத்தியும் வாசகர்களின் பையைக் காலி செய்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படம். தங்க நிற உடல், பழுப்புத் தோல், மேலே 1936 பெர்லின் ஒலிம்பிக் பொறிப்பு, நடுவில் லைக்கா என்ற எழுத்து. அது லைக்கா அல்ல. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் அப்படியொரு தங்க ஒலிம்பிக் கேமராவைச் செய்ததே இல்லை. சோவியத் காலத்து ஃபெட் அல்லது சோர்கி கேமராவின் பொறிப்பைச் சுரண்டி, முலாம் பூசி, புது எழுத்து வெட்டிய சரக்கு அது. ஃபெட், உக்ரைனின் கார்கிவ் நகரில் 1934 முதல் லைக்கா 2-ஐப் பார்த்துச் செய்யப்பட்டது. சோர்கி, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் 1948 முதல் வந்தது. இரண்டும் நல்ல கேமராக்கள், விலையும் குறைவு. அதனால்தான் அவற்றுக்கு வேஷம் கட்டுகிறார்கள். விமானப்படைக் கழுகு, கடற்படை முத்திரை, ஒலிம்பிக் வளையம் என்று ஒரே கேமராவுக்குப் பல அவதாரம்.

உண்மையான தங்க லைக்கா உண்டு. 1929 முதல் 1931 வரை லைக்கா 1 மாடலில் தங்க முலாம் பூசி, பல்லித் தோல் ஒட்டி, 'லக்ஸஸ்' என்ற பெயரில் சுமார் 95 மட்டும் செய்தார்கள். அந்த மாடலில் உள்ளேயே அமைந்த ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தூரம் அளக்கும் அமைப்பு, கிடையாது. உங்கள் படத்தில் உள்ள கேமராவின் நெற்றியில் இரண்டு வட்ட ஜன்னல்களும் நடுவில் ஒரு சதுர ஜன்னலும் தெரிகின்றன. அது ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள உடல்.

கையில் கிடைத்தால் இன்னும் சுலபம். லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள். வாய்க்குள் மேல் பக்கமாக ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டு, தூரத்தை ரேஞ்ச்ஃபைண்டருக்குச் சொல்வது அதுதான். லைக்காவில் அதன் நுனியில் உருளும் வட்டச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் சோர்கியிலும் சக்கரம் இராது. ஆப்பு போலக் கூம்பிய, உருளாத முனைதான். வெளியே எத்தனை பவுன் பூசினாலும் இதை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. பத்து விநாடி வேலை.

இனி கறுப்புக்கு வருகிறேன். பழைய கேமராவில் அபூர்வ நிறத்துக்குத் தரும் கூடுதல் பணம் முழுக்க மேல்தோலுக்குத் தரும் பணம். உள்ளே உள்ள ஷட்டர், பல்சக்கரம், கண்ணாடி எல்லாம் வெள்ளி நிறத்தில் வந்த கேமராவில் இருப்பவைதான். தோலுக்குப் பணம் என்றால், தோலைத்தான் போலியாகச் செய்வார்கள். எனவே அந்தத் தோல் எப்படிப் போடப்பட்டது என்று தெரியாமல் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரக் கூடாது.

கறுப்பு என்றாலே அபூர்வம் என்பதும் தவறு. 1920-களின் லைக்காக்களுக்கு இயல்பான நிறமே கறுப்பு அரக்கும் நிக்கல் பூசிய குமிழ்களும்தான். மங்கலான குரோம் முலாம் 1933 வாக்கில்தான் வந்தது. அதன் பிறகு குரோம் பொதுவழக்காகி, கறுப்பு தனியாகக் கேட்டு வாங்கும் நிறமானது. வெயிலில் பளிச்சிடும் கேமரா பத்திரிகைப் படக்காரர்களுக்கு இடைஞ்சல். போர்முனைப் படங்களுக்குப் பெயர்பெற்ற டேவிட் டக்ளஸ் டங்கனுக்காகச் செய்யப்பட்ட கறுப்பு லைக்கா எம்3டி ஒன்று 2012-இல் வியன்னா ஏலத்தில் 16.8 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த மாடலில் நான்குதான் செய்தார்கள். இப்படிப்பட்ட ஏலச் செய்தியைப் படித்துவிட்டு, நிகான் எஃப்எம் கறுப்புக்கும் இரட்டை விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எஃப்எம், எஃப்இ இரண்டுமே கறுப்பிலும் குரோமிலும் தாராளமாகக் கிடைப்பவை. கேனான் ஏ-1, மினோல்டா எக்ஸ்-700 இரண்டிலும் கறுப்புதான் வழக்கமான நிறம். அதற்குத் தனி விலை கேட்பது வேடிக்கை. மினோல்டா எஸ்ஆர்டி 101, பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், பென்டாக்ஸ் கே1000 ஆகியவற்றில் கறுப்பு குறைவு. அங்கே கொஞ்சம் கூடத் தரலாம். லைக்கா எம்2, எம்3 கறுப்பு பெயின்ட் என்றால் நிலைமையே வேறு. விலை பல மடங்கு, போலியும் பல மடங்கு.

கறுப்பிலும் வகை உண்டு. ஒன்று, பித்தளைத் தகட்டின் மேல் அடித்துச் சூடேற்றிய பெயின்ட். இது பளபளப்பாக இருக்கும். விரல் படும் இடத்தில் தேய்ந்து மஞ்சள் பித்தளை எட்டிப் பார்க்கும். சேகரிப்பவர்கள் உயிரை விடுவது இந்தத் தேய்மானத்துக்குத்தான். இரண்டாவது, கறுப்புக் குரோம். மின்முலாம் என்பதால் மங்கலாகவும் கெட்டியாகவும் இருக்கும், சுலபத்தில் தேயாது. லைக்காவில் 1971-இல் எம்5 வந்ததிலிருந்து பெரும்பாலும் இதுவே வழக்கம். 'எம்6 கறுப்பு பெயின்ட்' என்று யாராவது விளம்பரம் போட்டால், அது சிறப்பு வெளியீடா, 2022-இன் மறுவெளியீடா, பிறகு அடித்ததா என்று முதலில் கேளுங்கள். மூன்றாவது, பிளாஸ்டிக்கின் மேல் உலோக முலாம் ஏற்றியது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் மேல்மூடி பார்வைக்கு உலோகம் போலிருந்தாலும் பிளாஸ்டிக்தான். அதில் பித்தளையைத் தேடாதீர்கள். திருகு ஓரத்திலும் மூலையிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரோம் உடலைக் கறுப்பாக்குவது எப்படி என்று தெரிந்தால், கண்டுபிடிப்பது பாதி முடிந்தது. முறையாகச் செய்பவர் மேல்தகடு, அடித்தகடு, நெம்புகோல், குமிழ் எல்லாவற்றையும் கழற்றி, பழைய குரோமை ரசாயனத்தாலோ மின்னாற்பகுப்பாலோ முழுக்க நீக்கி, பித்தளையைத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, பெயின்ட் அடித்துச் சூட்டில் இறுக்குவார். பிறகு பொறித்த எழுத்துகளில் வெள்ளையும் சிவப்பும் நிரப்புவார். அவசரக்காரர் குரோமை நீக்காமல் அதன் மேலேயே ஸ்பிரே டப்பாவால் அடித்துவிடுவார். குரோம் வழுவழுப்பானது; பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆறே மாதத்தில் வார் மாட்டும் கொக்கியைச் சுற்றிச் சருகு சருகாக உரியும். உரிந்த இடத்தில் தெரிவது மஞ்சளாக இராமல் வெள்ளியாக இருந்தால் அது மிகப் பெரிய சந்தேகக் குறி. சில தயாரிப்பாளர்கள் பெயின்ட்டுக்கு அடியில் முலாம் வைத்ததும் உண்டு என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மற்ற சாட்சிகளையும் கூப்பிட வேண்டும்.

அந்தச் சாட்சிகளைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். நகைக்கடைக்காரர் கண்ணில் மாட்டுகிறாரே, அதுதான். எழுத்துப் பொறிப்பின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலை எழுத்தின் விளிம்பு கூர்மையாக, ஆழம் சீராக இருக்கும். தேய்த்துப் பெயின்ட் அடித்ததில் விளிம்பு மழுங்கி, எழுத்து ஆழமற்றுப் போயிருக்கும். உள்ளே கறுப்பு வழிந்து தேங்கி, அதன் மேல் வெள்ளை நிரப்பியிருப்பார்கள். அடுத்தது திருகுகள். திருகின் பள்ளத்தில் பெயின்ட் கட்டியிருக்கிறதா, திருகைச் சுற்றிய வளையத்தில் பெயின்ட் உடைந்திருக்கிறதா? பிளாஷ் மாட்டும் காலணியின் அடிப்பகுதி, சுருள் திருப்பும் நெம்புகோலுக்குக் கீழே உள்ள தகடு, அடித்தகட்டின் உட்புறம் ஆகியவை கை படாத இடங்கள். வெளியே ஐம்பது வருடத் தேய்மானமும் உள்ளே நேற்று அடித்த மினுமினுப்பும் சேர்ந்து இருக்காது.

தேய்மானத்தையும் போலியாகச் செய்கிறார்கள். இதைக் கவனிக்கத் தவறுகிறவர்கள்தான் அதிகம். மனிதர் கையில் தேய்ந்த கேமராவில் தேய்மானத்துக்கு ஒரு நியாயம் இருக்கும். வார்க்கொக்கிக்குக் கீழே வளையம் உராய்ந்த பிறைவடிவத் தழும்பு, சுருள் நகர்த்தும் நெம்புகோலின் நுனி, வலது ஆட்காட்டி விரல் தங்கும் மேல்தகட்டு விளிம்பு, மேசையில் வைத்து எடுத்த அடித்தகட்டு ஓரங்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். பெயின்ட்டிலிருந்து பித்தளைக்குப் போகும் எல்லை வழுவழுப்பாக மெலிந்து கரையும். உப்புத்தாளால் தேய்த்த போலியில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். எல்லை படிக்கட்டு போல இருக்கும். எந்த விரலும் படாத ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல் ஓரம்கூடத் தேய்ந்திருக்கும். பித்தளையின் நிறத்தையும் பாருங்கள். பழைய தேய்மானம் தேன் நிறத்தில் மங்கியிருக்கும். புதிதாகத் தேய்த்தது புதுப் பாத்திரம் போல மின்னும்.

மறுபூச்சே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் இதைக் கலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்காமல் சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். கணக்கு இதுதான்: அதே மாடல் குரோம் கேமராவின் விலை, அதோடு பூச்சுக் கூலி. அதற்கு மேல் போனால் எழுந்து வந்துவிடலாம்.

உதிரிபாகம் மாற்றும் தந்திரம் தனி. 1959-இல் வந்த நிகான் எஃப் கேமராவில் தலையிலுள்ள பிரிஸம் கையால் கழன்று வரும். பின்கதவும் அடித்தகடும் ஒரே துண்டாக உருவி வரும். எங்கோ பாழாய்ப்போன கறுப்பு எஃப் ஒன்றின் பிரிஸத்தையும் பின்கதவையும் குரோம் உடலில் மாட்டினால் தூரத்துப் பார்வைக்குக் கறுப்பாகிவிடும். எனவே பிரிஸம், மேல்தகடு, பின்கதவு, லென்ஸ் வளையத்தைச் சுற்றிய முன்முகம் ஆகிய நான்கையும் தனித்தனியாக மதிப்பிடுங்கள். நான்கிலும் தேய்மானம் ஒரே வயதில் இருக்க வேண்டும். ஒளி அளக்கும் மீட்டர் இல்லாத கூர்முக்கோணக் கறுப்பு பிரிஸத்துக்கே நல்ல விலை உண்டு. அது மட்டும் தனியாகக் கைமாறுவதும் சகஜம்.

டைட்டானியம் என்று வந்தால் சரிபார்ப்பு எளிது. நிகான் எஃப்3/டி 1982-இல் ஷாம்பெய்ன் என்னும் வெளிர் பொன்னிறத்தில் வந்து, பிறகு கறுப்பிலும் வந்தது. ஒலிம்பஸ் ஓஎம்-4டிஐ-யும் அதே வழியில் 1986-இல் ஷாம்பெய்ன், பிறகு கறுப்பு. கறுப்பு டைட்டானியம் தேய்ந்தால் உள்ளே மங்கிய சாம்பல் நிறம்தான் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அந்தத் தகடு சாதாரணக் கேமராவிலிருந்து வந்தது. காந்தம் வைத்துப் பார்ப்பது வீண். பித்தளையும் ஒட்டாது, டைட்டானியமும் ஒட்டாது. 1993-இன் நிகான் எஃப்எம்2/டி-க்குச் சமையலறை டிஜிட்டல் தராசே போதும். லென்ஸ் இல்லாமல் சாதாரண எஃப்எம்2 சுமார் 540 கிராம், டைட்டானியம் 515 கிராம். ஷாம்பெய்ன் நிறத்தில் ஒரு தொல்லை உண்டு. சில்லு பெயர்ந்தால் பொருத்தமான பெயின்ட் கிடைக்காது. தொட்டுப் பூசிய இடம் பகல் வெளிச்சத்தில் தேமல் போலத் தெரியும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம்.

கான்டாக்ஸ் டி2 பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம் உடலுள்ள இந்தச் சிறிய கேமரா 1990-இல் வந்தது. கறுப்பு, தங்கம், பிளாட்டினம் பூச்சுகளிலும் வெளியிட்டார்கள். தங்க டி2-க்கு ஆசைப்படுவோர் ஒன்றை நினைவில் வைக்கட்டும். உள்ளே இருப்பது முப்பது வயதைத் தாண்டிய மின்னணுப் பலகை. லென்ஸை வெளியே தள்ளும் பொறியோ வளையும் மின்சுற்றுப் பட்டையோ போனால், வேறொரு டி2-ஐப் பலி கொடுக்காமல் உதிரி கிடைப்பது அரிது. பொறிமுறைக் கேமராவுக்குத் தோல் விலை கொடுத்தால் ஐம்பது வருடம் கழித்தும் ஓடும். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை.

குறைந்த செலவில் நிறம் வேண்டும் என்பவர்களுக்கு வழி உண்டு. அதைக் கட்டுரை தொடவே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா 1950-களின் நடுவில் வெளியிட்ட முதல் வெர்ரா, ஆலிவ் பச்சைத் தோலோடு வந்தது. லென்ஸைச் சுற்றிய வளையத்தைத் திருகினால் சுருள் நகரும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஷட்டர் பழுதானால் பிரித்துச் சேர்ப்பது சிரமம். ஓடுகிறதாகப் பார்த்தே வாங்க வேண்டும். 1982-இன் கோனிகா பாப் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பல நிறங்களில் கிடைக்கும். 36 மி.மீ., எஃப்4 லென்ஸ், ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை. பென்டாக்ஸ் கே1000-இல் பழுப்புத் தோல் ஒட்டிய எஸ்இ வகை தொழிற்சாலையிலேயே வந்தது. மற்றபடி நீலத்தோல், சிவப்புத்தோல் போட்ட பென்டாக்ஸும் கேனானும் பெரும்பாலும் பிற்காலத்தில் லேசரால் வெட்டி ஒட்டியவை. அதற்குக் கூடுதல் விலை கிடையாது, நீங்களே ஒட்டிக்கொள்ளலாம்.

நிறத்தில் மயங்கிப் பிலிமை மறப்பதுதான் இதில் பெரிய விபத்து. 1957-இன் சாம்பல் நிறக் குட்டி ரோலைஃப்ளெக்ஸ், 1958-இன் பல வண்ண யாஷிகா 44 இரண்டும் கண்ணைப் பறிக்கும். இரண்டுக்கும் 127 என்ற அளவுள்ள பிலிம் சுருள் வேண்டும். கோடாக் அதை 1995-லேயே நிறுத்திவிட்டது. இப்போது சிறு தயாரிப்பாளர்கள் சிலர்தான் விற்கிறார்கள், விலை சுடும். 1930-இல் வால்டர் டோர்வின் டீக் வடிவமைத்த கோடாக் பியூ பிரவுனி பெட்டிக் கேமராவில் இன்னொரு கண்ணி. ஐந்து நிறங்களில் வந்தது. ரோஸும் பச்சையும் குறைவு. எண் 2 என்றால் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும் 120 சுருள் அப்படியே பொருந்தும். எண் 2ஏ என்றால் 116 சுருள், அது கடையிலிருந்து மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. எண்ணைக் கேட்காமல் நிறத்தை மட்டும் கேட்டவர்களின் கேமராக்கள் ஷோகேஸில் உட்கார்ந்திருக்கின்றன. அதே காலத்து வண்ணக் கோடாக் பெட்டிட், வேனிட்டி மடிப்புக் கேமராக்களில் துருத்தியைப் பாருங்கள். உடலின் நிறத்திலேயே வந்த துருத்திகள் சீக்கிரம் கிழிந்தன. நீல உடலில் கறுப்புத் துருத்தி இருந்தால் அது மாற்றியது.

தேடும் இடத்தைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் உள்ள அபூர்வ நிறங்கள் இன்றும் ஜப்பானிலிருந்தே அதிகம் வருகின்றன. அங்குள்ள கடைகளின் விவரக்குறிப்பை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் உளறும். சில சொற்களை நேரடியாகத் தெரிந்துகொள்வது நல்லது. 'பிஹின்' என்றால் நல்ல நிலை. 'சுரே' என்றால் உராய்வு, 'அதாரி' என்றால் இடி வாங்கிய நசுங்கல். 'கபி' பூஞ்சை, 'குமோரி' லென்ஸுக்குள் பனிமூட்டம். 'நான் அரி' என்றால் குறை உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 'ஜங்கு' என்று போட்டிருந்தால் திருப்பி எடுக்க மாட்டார். ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும்விட முக்கியம் 'அதோ நுரி', அதாவது பிறகு அடித்த பூச்சு. நேர்மையான கடை இதை எழுதியே வைக்கும். அதே கேமரா இரண்டு கை மாறி இன்னொரு தளத்தில் வரும்போது அந்த ஒரு சொல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

விற்பவரிடம் என்ன படங்கள் கேட்க வேண்டும்? மேல்தகடு நேராக ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்வாக ஒன்று. தொடர் எண் நெருக்கத்தில். இரண்டு வார்க்கொக்கிகள். அடித்தகடு வெளியேயும், கழற்றக் கூடியதானால் உள்ளேயும். லென்ஸைக் கழற்றிய வாய். பின்கதவைத் திறந்து ஷட்டர் திரை. ஒரு திருகுத் தலையாவது பெரிதாக. இதோடு ஒரு சின்ன வீடியோ: ஒரு விநாடி, எட்டில் ஒரு விநாடி, ஆயிரத்தில் ஒரு விநாடி என மூன்று வேகத்திலும் ஷட்டரைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விநாடி இழுத்துக்கொண்டு நின்றால் எண்ணெய் உறைந்திருக்கிறது. அது சர்வீஸில் சரியாகும், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். படம் அனுப்ப மறுப்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.

கேமரா கைக்கு வந்தபின் நிறத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு உடலைப் பாருங்கள். போன் கேமராவை விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் மெதுவியக்கத்தில் வைத்து, பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கி ஷட்டரை அடித்துப் படமெடுங்கள். 1/30 விநாடியில் திரை சுமார் 8 பிரேமுக்குத் திறந்திருக்க வேண்டும், 1/15-இல் 16. அதிக வேகங்களை இப்படி அளக்க முடியாது. 1/1000-இல் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அடித்தால், சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டிருந்தால் தெரிந்துவிடும். துணித்திரை உள்ள கேமராவாக இருந்தால் இருட்டறையில் பின்னாலிருந்து டார்ச் அடித்து ஊசித்துளை பாருங்கள். கதவோரத்து நுரைப்பஞ்சு நாற்பது வருடத்தில் தார் போல இளகிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும். அது சின்னச் செலவுதான். ஆனால் ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் பிரிஸத்தின் மேலுள்ள நுரை உருகி வெள்ளிப் பூச்சையே தின்றுவிடும். கண்ணை வைத்தால் கறுப்புக் கறை தெரியும். அழகான கறுப்பு ஓஎம்-1 என்றாலும் அதற்கு விலையைக் குறையுங்கள். லைக்கா எம்3-ஐக் கீழே போட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் பிரிஸத்தின் ஒட்டு விட்டுப் போகலாம். பார்வைக்குள் இருட்டு இறங்கும், பழுதுச் செலவு பயமுறுத்தும்.

பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் கசிவு பாருங்கள். ஓஎம்-1, ரோலை 35, மீட்டர் தலை உள்ள நிகான் எஃப் எல்லாம் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அது இன்று கிடையாது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாக-காற்று பேட்டரி சுமார் 1.4 வோல்ட் தரும். வளையம் ஒன்று போட்டு நிறுத்தினால் மீட்டர் ஏறக்குறைய சரியாகக் காட்டும், சில வாரங்கள் ஓடும். நடுப்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு, லென்ஸ் துளை எஃப்16-இல் இருக்கும்போது, 1/500 விநாடி காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கு அடியிலிருந்து வரும் நோய்களும் உண்டு. சைஸ் ஐகான் கேமராக்களில் தோலின் கீழே உள்ள உலோகம் அரித்துப் பச்சைக் களிம்பு பிடித்து, வெளியே கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். 1984 முதல் வந்த லைக்கா எம்6-இன் மேல்தகடு துத்தநாகக் கலவை வார்ப்பு. முலாமுக்கு அடியில் அரித்தால் சின்னக் குமிழ்கள் எழும். பாலிஷ் போட்டால் போகாது. எம்3-இன் உடலைப் போர்த்தியிருப்பது தோல் அல்ல, கெட்டியான ரப்பர் வகை. வயதாகி நொறுங்கிச் சில்லு விழும். அது முழுசாக, புத்தம் புதிதாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மாற்றியவர் வேறென்ன மாற்றினார் என்று கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பழைய கேமராவுக்கும் சுங்கத் தீர்வை உண்டு. பொருள் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்தே மதிப்புப் போடுவார்கள். அதைக் கணக்கில் சேர்த்த பிறகே விலை மலிவா என்று முடிவு செய்யுங்கள். மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொட்டலம் நசுங்கி வந்தால் காப்பீடும் அந்தக் குறைத்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

வாங்கிய பிறகு பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷைத் தயவுசெய்து தொடாதீர்கள். தங்க முலாம் மெல்லிய படலம். நாலு தேய்ப்பில் போய்விடும். பழம்பொருள் கடைகளில் பெயின்ட்டையும் முலாமையும் முழுக்கச் சுரண்டி, பித்தளை பளபளக்க விற்கிறார்களே, அந்தக் கேமராக்களுக்கு அலங்காரப் பொருள் விலைதான். ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்குப் பூஞ்சையும் தகட்டுக்குக் களிம்பும் கொடுக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், பத்து ரூபாய் நாணய அளவிலான ஈரமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் வறுத்து எடுத்துத் திரும்பப் போடலாம்.

இத்தனைக்கும் பிறகு ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தின் கீழ் 'அபூர்வமான தங்க லைக்கா' என்ற விளக்கம் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது. அதைக் காட்டியே நாளை யாராவது ஒருவர் அதே போன்ற சரக்கை விற்கக் கூடும். 'லைக்காவாக மாற்றப்பட்ட சோவியத் கேமரா' என்று திருத்திவிடுங்கள். படத்தை எடுக்க வேண்டாம்; போலியைப் பார்த்துப் பழக அதைவிட நல்ல படம் கிடைக்காது.

இப்படிக்கு,
பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் வாசகர்,
திருச்சி